கூவி விற்றலும் கேட்டு விற்றலும்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில், சித்திரை பிறந்துவிட்டால், சாணார்பட்டி தொடங்கிக் கோபால்பட்டியைக் கடந்து நத்தம் வரையிலும் சாலையோரமெங்கும் மாம்பழக் கடைகள் முளைத்துவிடும். கடை என்று சொல்வதுகூட மிகைதான். நான்கு கழிகள், மேலே தென்னங்கீற்று, கீழே வைக்கோல் பரப்பிய கூடைகள். செந்தூரம், காசாலட்டு, கல்லாமை, இமாம்பசந்த் என்று பெயர்கள் மட்டும் அரசவைக்குரியவை. சில ஆண்டுகளாக இக்கடைகளின் முகப்பில் ஓர் அட்டை தொங்குகிறது. ‘கல் வைக்காத பழம்’ என்று ஒரு வரி. அதன்கீழ் ஒரு கைப்பேசி எண். எண்ணுக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் வாட்ஸப் சின்னம். (‘புலனம்’ என்றெழுத வேண்டும் என வாதிடும் அன்பர்கள் பொறுத்தருள்க. அட்டையில் இருப்பதைத்தான் எழுத முடியும்.)

வணிகர்கள் சமூக ஊடகங்களைப் பயன்படுத்தி வாடிக்கையாளரை ஈர்ப்பது எப்படி என்று பாடம் நடத்துவோர் இப்போது மிகுந்துவிட்டனர். அவர்கள் பேச்சில் இது ஏதோ 2004ஆம் ஆண்டில் ஃபேஸ்புக்கோடு பிறந்த கலை போலத் தோன்றும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ‘வாடிக்கை’ என்னும் சொல்லுக்கு வழக்கம், பழக்கம் என்பதே பொருள். வாடிக்கையாளர் எனில் பழகியவர். பொருளை வாங்கியவரெல்லாம் வாடிக்கையாளர் ஆவதில்லை. பழக்கம் ஏற்படுவதற்கு இருபுறமும் பேச்சு வேண்டும். தமிழ் வணிகத்தின் நீண்ட வரலாற்றில் விற்பவன் கூவியது மிகுதியாகப் பதிவாகியிருக்கிறது. அவன் காது கொடுத்துக் கேட்டது குறைவாகவே பதிவாகியிருக்கிறது. அக்குறைவான பகுதியைத் தேடிப் பார்ப்பதே இங்கு நம் நோக்கம்.

*

அகநானூற்றின் 140ஆம் பாட்டில் அம்மூவனார் ஓர் உமணர் மகளைக் காட்டுகிறார். அவள் உப்பு விற்க வருகிறாள். அளவுக்கு அளவு நெல்லை வாங்கிக்கொண்டு உப்பைக் கொடுப்பது அவள் வாணிகம். கைவளை ஒலிக்க வீசி நடந்து, தெருவில் விலை கூறுகிறாள். அப்போது ஒரு வீட்டு நாய் குரைக்கிறது. குரல்களைப் பிரித்தறியப் பழகிய நாய் அது, இது அறியாத குரல், குரைத்துவிட்டது. அவள் அஞ்சுகிறாள். புலவருக்கு வேண்டியது அஞ்சிய அக்கண்களின் அழகு. நமக்கு வேண்டியது அந்த நாய். தமிழில் நாமறிந்தவரை, விளம்பரத்திற்குக் கிடைத்த முதல் எதிர்வினை அதுதான். பழகாத குரல் வாசலில் வந்து கூவினால் வீடு குரைக்கும். இன்று நம் கைப்பேசியில் முன்பின் அறியாத நிறுவனத்தின் குறுஞ்செய்தி வந்து விழும்போது நாம் செய்வதும் ஏறத்தாழ அதுவே.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வரிசைப்படுத்துகிறார். கோயிற்கொடி, கலங்களின் கொடி, கள் விற்கும் மனையின் கொடி, வாதுக்கு அழைக்கும் கற்றோர் நட்ட கொடி எனப் பலவகை. கொடி என்பது எழுத்தறியாதவனுக்கும் தொலைவிலிருந்தே புரியும் அறிவிப்பு. இன்றைய மொழியில் சொல்வதானால் ‘லோகோ’. இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, பழந்தமிழரிடம் விளம்பரம் இருந்தது என்று நம் பாடநூல்கள் பெருமை பேசி முடித்துவிடும். அதே பாட்டில் வணிகரின் இயல்பு கூறும் பகுதியை அவை தனியே ‘அறம்’ என்னும் தலைப்பில் ஒதுக்கிவிடுகின்றன. நுகத்தடியின் நடு ஆணியோடு வணிகரின் நெஞ்சை ஒப்பிடுகிறார் புலவர். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக எண்ணி, மிகுதியாகக் கொள்ளாமல், குறைத்துக் கொடுக்காமல், பலபண்டங்களையும் விலையை வெளிப்படையாகச் சொல்லி விற்றார்கள் என்கிறார். கொடியும் நடுவுநிலையும் ஒரே பாட்டில், ஒரே நகரத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும். கொடி அழைக்கும்; அழைப்பை ஏற்று வந்தவனை மறுமுறையும் வரவழைப்பது சொன்ன விலை.

*

சாணார்பட்டியிலிருந்து இதே சாலையில் கிழக்கே சென்றால் நத்தம், அதற்கப்பால் கொட்டாம்பட்டி, சிங்கம்புணரியைக் கடந்தால் பிரான்மலை. பாரியின் பறம்பு என்று நாம் போற்றும் மலை. அங்குள்ள திருக்கொடுங்குன்றநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் வணிகக் கல்வெட்டு ஒன்று உள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினரும் பிறரும் கூடி, தாம் வாங்கி விற்கும் பண்டங்களின்மேல் இவ்வளவு என்று வைத்துக் கோயிலுக்குக் கொடுப்பதாக உடன்பட்டதை அது கூறுகிறது. உப்பு, அரிசி, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, வெங்காயம், கடுகு, சீரகம், இரும்பு, பஞ்சு, நூல், புடைவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், குதிரை, யானை என நீளும் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது இந்த வறண்ட சாலையில் எத்தனை பொதிமாடுகள் நடந்திருக்கும் என்னும் வியப்பு எழாமற் போகாது.

இதைப் பக்தியின் சான்றாக மட்டும் காண்பது போதாது. ஊரார் நாள்தோறும் வந்துபோகும் இடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, ‘நாங்கள் இன்னின்ன பண்டம் விற்கிறோம், அதில் இவ்வளவு ஊருக்குத் திருப்பித் தருவோம்’ என்று கல்லில் வெட்டுவது ஒரு வாக்கு. வாக்கு மீறப்பட்டால் கேட்பதற்குச் சான்று சுவரிலேயே இருக்கிறது. இதே ஐந்நூற்றுவர் பெயரால் சுமத்திரா தீவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. கடல் கடந்தாலும் வாக்கைக் கல்லில் எழுதிவைக்கும் பழக்கம் விடவில்லை.

வாக்குகளெல்லாம் வெளிச்சத்தில் நடந்தன என்று மயங்கவும் கூடாது. மாட்டுச் சந்தைகளில் தரகரும் வாங்குபவரும் துண்டுக்குள் கைவிட்டு விரல்களைப் பற்றி விலை பேசும் காட்சியை வாசகர்கள் பலர் கண்டிருக்கக்கூடும். சுற்றி நிற்பவர் எவருக்கும் விலை தெரியாது. சில வேளைகளில் மாட்டைக் கொண்டுவந்தவருக்கே தெரியாது. நம் வட்டாரத்தில் வியாழன்தோறும் அய்யலூரில் கூடும் ஆட்டுச் சந்தையில் விடியுமுன்னரே பேரம் தொடங்கிவிடும். சந்தையென்றால் இரண்டும்தான்: உரத்த கூவலும் துண்டுக்குள் மௌனமும். தரகர் என்னும் மூன்றாம் ஆள் வாழ்வது அந்தத் துண்டுக்குள்ளேதான். அவரைப் பற்றிப் பின்னர் வேறொரு வேடத்தில் பேச வேண்டியிருக்கிறது.

*

அச்சு வந்தபின் நடந்ததில், இலக்கிய வாசகர்கள் அறிந்த இரண்டு செய்திகளை வணிகக் கண்ணோடு திரும்பப் பார்க்கலாம்.

உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். நூல் வெளிவருமுன்பே வாங்க ஒப்புக்கொள்வோரிடம் கையொப்பம் திரட்டும் வழக்கத்தை அவரும் மேற்கொண்டார். ஒருவர் கையொப்பமிட்டால் அவர் வெறும் வாங்குபவர் அல்லர். அந்நூல் நிறைவேறுவதில் அவருக்கும் பங்கு உண்டு. ‘எப்போது வரும்?’ என்று கேட்கும் உரிமையும் உண்டு. ஐயர் தம் வரலாற்றில் பதிப்பு வேலைக்கு இணையாக மனிதர்களைத் தேடிப்போன பயணங்களை எழுதியிருப்பது தற்செயலன்று. இன்று இணையத்தில் முன்பதிவு செய்து நூல் அச்சிடும் சிறு பதிப்பகங்கள், தாம் ஏதோ மேனாட்டு உத்தியைக் கையாள்வதாக எண்ணிக்கொள்ளாமல் இருந்தால் நன்று.

மற்றொன்று, 1920இல் கடையத்திலிருந்து பாரதி நண்பர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை. தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடப்போவதாகவும், தொடக்கச் செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டியிருப்பதாகவும், கடனாக உதவினால் வட்டியோடு திருப்புவதாகவும் எழுதினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போலத் தம் நூல்கள் வீடுதோறும் விலைபோகும் என்பது அவர் நம்பிக்கை. கணக்கில் பிழை இல்லை. அடுத்த தலைமுறையில் அவ்வாறே விற்றன. ஆனால் அத்திட்டம் நிறைவேறவில்லை; 1921 செப்டம்பரில் அவரும் மறைந்தார். ஐயருக்குக் கைகூடியது பாரதிக்கு ஏன் கைகூடவில்லை? காவல்துறையின் கண் அவர்மீது இருந்ததும், நண்பர்கள் அஞ்சியதும் முதற்காரணங்கள். நம் பார்வையில் வேறொன்றும் உண்டு. ஐயர் வீட்டு வாசலுக்குச் சென்று, திண்ணையில் அமர்ந்து, ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்லிவிட்டுக் கையொப்பம் கேட்டார். பாரதியோ நாடு கடந்திருந்த பத்தாண்டுகளில் வாசகரிடமிருந்து பிரிக்கப்பட்டுவிட்டார். அவர் குரல் பல வீடுகளுக்குப் பழகாத குரலாகியிருந்தது. கவியின் தகுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. வருத்தமான செய்திதான், ஆனால் வாடிக்கை என்பதன் இயல்பு அது.

அதே காலத்தில் தூத்துக்குடியில் நடந்ததைக் கூறாமல் விட இயலாது. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவியபோது, எதிர்த்தரப்பு ஆங்கிலக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் இலவசப் பயணத்தோடு குடையும் கொடுக்க முன்வந்தது என்பர். இன்றைய ‘ஆஃபர்’களின் பாட்டனார் அந்தக் குடை. குடைக்கு மயங்காத பயணிகள் சிறிதுகாலமேனும் இருந்தார்கள் என்பதுதான் வியப்பு. வழக்கும் சிறையும் சேர்ந்து அந்தச் சங்கத்தை வீழ்த்தின. குடை மட்டும் வீழ்த்தியதாகச் சொல்ல முடியாது.

பிறகு வந்தவற்றை விரைந்து கடக்கலாம். 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், சங்கீதக் கச்சேரிகளில் அதை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். தலைவலி எங்கே கூடியிருக்கும் என்று கணித்தவர்! 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ்.வாசன், அதற்கு முன் விளம்பர முகவராகவும் அஞ்சல்வழி வணிகராகவும் இருந்தவர். ஆதலால் கடிதம் எழுதுகிறவனே வாசகன் என்பது அவருக்குத் தெரியும். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் ஊர்ப்பெயரோடு தம் பெயர் ஒலிப்பதற்காகவே அஞ்சலட்டை எழுதிய தலைமுறை ஒன்று இருந்தது. விற்கப்பட்டவை சோப்பும் பற்பொடியும். ஆனால் நேயர் காத்திருந்தது தம் பெயருக்காக.

*

திண்டுக்கல்லுக்குத் திரும்புவோம். 1957இல் நாகசாமி நாயுடு என்பவர் இந்நகரில் ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்’ என்னும் பெயரில் ஓர் உணவகம் தொடங்கினார். சீரகச் சம்பா அரிசியில் ஆக்கிய பிரியாணி. அவர் எப்போதும் தலைப்பாகை அணிந்திருப்பார். உண்டு பழகியவர்கள் பலகையில் எழுதியிருந்த பெயரை விட்டுவிட்டார்கள். ‘தலப்பாக்கட்டு நாயுடு கடை’ என்றார்கள். நாளடைவில் அதுவே கடையின் பெயராயிற்று. பின்னாளில் பிற ஊர்களிலும் நாடுகளிலும் கிளைகள் பரவியதும், அப்பெயருக்கு உரியவர் யார் என்று வழக்குகள் நீதிமன்றம் ஏறியதும் பலரும் அறிந்தவை.

இதிலுள்ள நயத்தை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. கோடிக்கணக்கில் பொருள் தரும் அந்தப் பெயரை எந்த விளம்பர வல்லுநரும் ஆக்கவில்லை. வாசலில் நின்று, உள்ளே இருந்தவரைப் பார்த்து, வாடிக்கையாளர்கள் இட்ட பெயர் அது. கடைக்காரர் செய்ததெல்லாம் அதைத் தடுக்காமல் கேட்டுக்கொண்டதுதான். ‘என் கடைக்குப் பெயர் ஆனந்த விலாஸ்’ என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

*

ஃபேஸ்புக் 2004இல் தொடங்கி 2006இல் எல்லோருக்கும் திறந்தது. வணிகர்களுக்கான பக்கங்கள் 2007இல் வந்தன. 2009இல் வாட்ஸப். 2016க்குப்பின் இணையக் கட்டணம் சரிந்து, சாணார்பட்டிப் பேருந்து நிறுத்தத்துப் பூக்காரர் கையிலும் அது வந்துசேர்ந்தது. சிறு வணிகருக்கென்றே தனிச் செயலியை 2018 ஜனவரியில் வாட்ஸப் வெளியிட்டது. சின்னாளப்பட்டிச் சேலைகள் இன்று தறியிலிருந்து நேரே கைப்பேசித் திரைக்கு வருகின்றன. வீட்டிலிருந்தபடியே படம் பகிர்ந்து விற்கும் பெண்கள் ஒரு சேலைக்குச் சிறு தொகை ஈட்டுகிறார்கள். ‘நிறம் சற்று மாறுபடலாம்’ என்னும் எச்சரிக்கையைப் படத்தின்கீழ் எழுதும் பெண்மணியிடமே மறுமுறையும் வாங்குகிறார்கள் என்பதை நாம் கவனித்திருக்கிறோம்.

புதிய ஊடகம் கூவலைப் பெருக்கியது என்பது உண்மை. அதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. நாய் குரைத்தால் அது இப்போது தெரு முழுவதும் கேட்கிறது. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர், ஸொமேட்டோ நிறுவனத்தில் தாம் கேட்ட உணவு முழுமையாக வராததால் பணத்தைத் திரும்பக் கேட்டார். இந்தி தேசிய மொழி, ஓரளவேனும் தெரிந்திருக்க வேண்டும் என்று நிறுவனத்தின் உதவியாளர் பதில் எழுதினார். அவ்வுரையாடல் ட்விட்டரில் வெளியானது. ஒரு நாளைக்குள் நாடெங்கும் பேச்சாயிற்று. நிறுவனம் தமிழிலேயே மன்னிப்பு அறிக்கை வெளியிட்டது; கோயம்புத்தூரில் தமிழ் உதவி மையம் அமைப்பதாகக் கூறியது; அந்தப் பணியாளரை நீக்குவதாகவும் அறிவித்தது. சில மணி நேரத்தில் நிறுவனர் அந்நீக்கத்தைத் திரும்பப் பெற்றார். இளம் பணியாளர் ஒருவரின் அறியாமையை நாடே பெரிதாக்கிவிட்டது என்னும் பொருள்பட அவர் எழுதியதில், முதல் மன்னிப்பின் பயன் பாதி கரைந்தது.

அப்பணியாளரை நீக்கியது தவறு, திரும்பச் சேர்த்தது சரி என்பதே நம் கருத்து. ஆனால் குறை கூறியவருக்குச் சொல்ல வேண்டிய சொல்லும், பணியாளரைக் காக்கும் சொல்லும் வேறுவேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் கெடுத்தார்கள். முதல் நாள் தமிழில் எழுதத் தெரிந்தவர்கள், அதற்கு முன்பே தமிழில் கேட்கத் தெரிந்திருந்தால் அறிக்கைக்கே தேவை எழுந்திராது.

இனி, துண்டுக்குள் விரல் பிடித்த தரகரிடம் வருவோம். சமூக ஊடகம் என்பது திண்ணை போன்றது என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம், ஆனால் அது அடுத்தவர் வீட்டுத் திண்ணை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்த சிறு வணிகர்களுக்கு அவர்களில் ஒருவரின் முகவரிகூட எஞ்சவில்லை. 2018இல் ஃபேஸ்புக், நண்பர்களின் பதிவுகளுக்கு முதலிடம் கொடுத்து வரிசையை மாற்றியபோது, பக்கம் நடத்திய கடைகளின் குரல் ஒரே இரவில் தாழ்ந்தது. உரக்கக் கேட்க வேண்டுமெனில் பணம் கட்ட வேண்டியதாயிற்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. எந்தச் செய்தி எவர் கண்ணில் படவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விரல்கள் துண்டுக்குள்தான் இருக்கின்றன. விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

*

சாணார்பட்டிக்கு அருகில் நாம் அறிந்த தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். ஆண்டுதோறும் மண்டிக்குப் பழம் அனுப்பி, மண்டிக்காரர் சொன்ன விலையை வாங்கிக்கொண்டிருந்தவர். 2020இல் ஊரடங்கு வந்தபோது பழம் மரத்தில், லாரி கிடையாது. கல்லூரி மூடியதால் வீட்டிலிருந்த மகன், திண்டுக்கல் நகரத்துத் தெரிந்தவர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸப் குழு தொடங்கினான். ஒரு குழுவில் 256 பேருக்குமேல் சேர்க்க முடியாத காலம் அது, ஐந்நூற்றுவரில் ஏறத்தாழப் பாதி. ஒரு மாதத்தில் நிறைந்துவிட்டது. நாமும் அதில் ஒருவர்.

தந்தைக்குத் தட்டச்சு வராது. ஆகவே குரற்பதிவுதான். ‘அம்மா, அய்யா எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி நல்ல மழைங்க. இன்னைக்கு பறிச்சா பழம் தண்ணி கோத்துக்கிரும். ரெண்டு நாள் பொறுங்க’ என்று ஒரு நாள். விற்பவரே இன்று வாங்காதீர்கள் என்று சொன்னதைக் கேட்டு நாம் சிறிது நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது வாரத்தில் வினை வந்தது. அறுத்த இமாம்பசந்தின் படத்தை ஓர் அம்மையார் குழுவில் இட்டார். கொட்டையை ஒட்டிக் கருத்த வண்டு. வெளியே பழம் பழுதின்றித் தெரியும். அறுத்தால்தான் வண்டு தெரியும். படத்தை நீக்கச் சொல்லி அவரிடம் தனியே பேசலாம் என்று மகன் துடித்தானாம். தந்தை விடவில்லை. சற்று நேரத்தில் குரற்பதிவு வந்தது: ‘அந்த அக்கா போட்டது நெசந்தாங்க. பிஞ்சுலயே வண்டு உள்ள போயிரும், வெளிய தெரியாது. கெழக்குப் பாத்தியில நாலு மரத்துல இருக்கு. அதுல வாங்கினவங்க சொல்லுங்க, மாத்தித் தாரேன். காசு வேணும்னாலும் தாரேன்.’ பதினொரு பேர் சொன்னார்கள். பதினொரு பேருக்கும் அடுத்த நாள் பழம் வந்தது. வண்டு இல்லாத பழம் கிடைத்தும் பன்னிரண்டாமவராகத் தம்மைச் சொல்லிக்கொண்டவர் எவரும் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாண்டு கழித்து மகனின் கைப்பேசி பேருந்தில் தொலைந்துபோயிற்று. எண்கள் அனைத்தும் அதில்தான். இனி மண்டிதான் என்று நாம் எண்ணியிருந்தோம். அவ்வாண்டு வைகாசியில் புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ‘அய்யா, தோட்டத்துல இருந்து பேசுறேன்’ என்ற மாத்திரத்திலேயே குரல் தெரிந்துவிட்டது. எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டோம். ‘நாந்தான் நோட்டுல எழுதி வச்சிருந்தேனே’ என்றார்.

பின்னொரு நாள் தோட்டத்துக்குச் சென்றபோது அந்த நோட்டைக் காட்டினார். பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டு, மாம்பால் கறை. பெயர், எண், தெரு; அதன் எதிரே பென்சிலில் அவரவரைப் பற்றிய குறிப்பு. ‘காசாலட்டு மட்டும்.’ ‘சர்க்கரை உண்டு, பேத்திக்கு வாங்குறார்.’ ‘மாடி வீடு, முழங்கால் வலி, மேலே கொண்டுபோய்க் கொடுக்கணும்.’ நம் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்த்தோம். ‘வாத்தியார். காயாக் கேப்பார். கேள்வி நெறையக் கேப்பார்.’